போர்டு பூட்டிலேயே விழுந்தால் முதலில் இதை மாட்டுங்கள்: ராஸ்பெரி பை டீபக் புரோப்

லினக்ஸ் டிரைவர் வேலை செய்பவர் மேசையில் லட்ச ரூபாய் டீபக்கர் இல்லாமல் இருக்கலாம், நம்பகமான சீரியல் கன்சோல் (போர்டு எழுத்தெழுத்தாக அனுப்பும் செய்திகளை வயர் வழியாகக் கம்ப்யூட்டரில் பார்க்கும் வழி) இல்லாமல் இருக்கக் கூடாது. லினக்ஸின் மையமான கெர்னல் விழும்போது கடைசியாகச் சொல்லிவிட்டுப் போகும் அந்த நாற்பது ஐம்பது வரிகள் கையில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் ஊகம்தான், ஊகத்தில் வாரங்கள் ஓடிவிடும். அந்த வரிகளைப் பிடித்துக் கொடுக்கும் வேலைக்கு ராஸ்பெரி பை நிறுவனத்தின் டீபக் புரோப்பைத்தான் இப்போது நான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் நெசவு எந்திரங்களுக்கான கண்ட்ரோலர் போர்டுகளில் வேலை செய்கிறேன். கம்ப்யூட் மாட்யூல் 4 என்ற குட்டி ராஸ்பெரி பை கம்ப்யூட்டரை எங்கள் சொந்த போர்டில் பொருத்தி, சென்சார்களுக்கும் மோட்டார் டிரைவுகளுக்கும் டிரைவர் எழுதுவது, வெளியிலிருந்து வரும் டிரைவர்களைச் சரிபார்ப்பது என் பொழைப்பு. அந்தக் கோணத்திலிருந்துதான் இந்த விமர்சனம். பிகோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் எல்இடி மினுக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள்.

பொருள் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் வந்தது, அறிவித்த விலை 12 டாலர். உள்ளே இருப்பது பிகோவில் உள்ள அதே ஆர்பி2040 சிப். ஒரு பக்கம் மைக்ரோ யூஎஸ்பி, மறுபக்கம் இரண்டு குட்டி மூன்று-பின் சாக்கெட். யூ என்று எழுதியது யூஆர்ட், அதாவது சீரியல். டி என்று எழுதியது எஸ்டபிள்யூடி, ஏஆர்எம் சிப்பை நிறுத்தி ஆராயும் டீபக் வழி. கம்ப்யூட்டரில் செருகினால் தனி டிரைவர் எதுவும் கேட்காமல் ஒரு சீரியல் போர்ட்டாகவும், ஏஆர்எம் வகுத்த சிஎம்சிஸ்-டாப் முறைப்படி ஒரு டீபக்கராகவும் தெரியும். பெட்டிக்குள் யூஎஸ்பி கேபிளும் மூன்று வகை டீபக் வயரும் வருகின்றன: இரண்டு முனையிலும் குட்டி பிளக் உள்ளது ஒன்று, மறுமுனையில் சாதாரண பெண் பின் உள்ளது ஒன்று, ஆண் பின் உள்ளது ஒன்று. வயர் நிறம் மனதில் நிற்கும்படி இருக்கிறது: ஆரஞ்சு புரோப் அனுப்புவது, மஞ்சள் புரோப் வாங்குவது, கறுப்பு கிரவுண்ட். பை போர்டின் 40 பின் வரிசையில் மஞ்சள் 8-க்கும், ஆரஞ்சு 10-க்கும், கறுப்பு 6-க்கும் போகும்.

பை 5 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பின் கணக்கு கூட வேண்டாம். இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்கு நடுவே இதே மூன்று-பின் சாக்கெட் போர்டிலேயே இருக்கிறது. நேராகச் செருகினால் போதும், தலைகீழாகப் போகாது. அவசரத்தில் வயரை மாற்றிச் செருகும் பேச்சுக்கே இடமில்லை.

"நெட்வொர்க் இருக்கிறதே, எஸ்எஸ்எச்சில் பார்த்துக்கொள்ளலாமே" என்பார்கள். பூட்டின் நடுவில் விழும் கெர்னலுக்கு நெட்வொர்க் இன்னும் வந்திருக்காது. டிஸ்க்கில் இருக்கும் லாக்கில் கடைசி விநாடிகள் எழுதப்பட்டிருக்காது. எச்டிஎம்ஐ திரையில் வந்தாலும் முக்கியமான மேல் வரிகள் உருண்டு மறைந்திருக்கும். சீரியல் மட்டும்தான் இதில் எதையும் நம்பியிருப்பதில்லை. பேனிக் வந்த பின்னும், அதாவது மேலே ஓட முடியாமல் நின்ற பின்னும், கெர்னல் ஒவ்வொரு எழுத்தாகக் காத்திருந்து வெளியே தள்ளும். 115200 வேகத்தில் விநாடிக்குச் சுமார் 11,500 எழுத்து, ஒரு முழு ஊப்ஸ் (கெர்னல் விழும்போது அச்சிடும் பிழை அறிக்கை) வெளியே வரக் கால் விநாடி.

இதை ஒரு கேஸோடு சொன்னால்தான் புரியும். ஒரு சுழற்சி சென்சார், அதைத் தயாரித்தவர்களே கொடுத்த லினக்ஸ் டிரைவர். எங்கள் மேசையில் அருமையாக ஓடியது. எந்திரத்தில் மாட்டி மெயின் சுவிட்சைப் போட்டால் போர்டு எழுந்திருக்கவே இல்லை. ரீசெட் பட்டனை அழுத்தினாலும் பயனில்லை, மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தால் ஒழுங்காக ஓடும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, "அண்ணா, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலீங்ணா" என்று போனில் சொன்னான். திரையில் லோகோவோடு நின்றுவிடுகிறது. புரோப்பை மாட்டச் சொன்னேன்.

வந்த முதல் வரியே விஷயத்தைச் சொல்லிவிட்டது: நல் பாயிண்டர் (எதையும் சுட்டாத காலி முகவரி), தொட முயன்ற முகவரி பதினாறடிமானத்தில் 18, அதாவது 24. முகவரி பூஜ்யமாக இல்லாமல் சின்ன எண்ணாக இருந்தால், ஒரு காலி பாயிண்டரை ஸ்ட்ரக்சராக (பல விவரங்களைச் சேர்த்து வைத்த தொகுப்பாக) நினைத்து, அதற்குள் 24 பைட் தள்ளி இருக்கும் உறுப்பைத் தொட்டிருக்கிறது என்று பொருள். பஹோல் என்ற கருவியில் அந்த மாட்யூலின் ஸ்ட்ரக்சர்களை விரித்துப் பார்த்தால், 24-ஆவது பைட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும். சிப் வகையின் விவரங்களை வைத்திருக்கும் ஸ்ட்ரக்சரில், ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் எண் அங்கே இருந்தது.

அடுத்து பிசி வரி, சிப் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்று சொல்வது. ஃபங்ஷனின் பெயர், அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி விழுந்தது, ஃபங்ஷனின் மொத்த நீளம் எவ்வளவு, மூன்றும் அதில் இருக்கும். கெர்னல் மூலநிரலோடு வரும் ஃபேடர்2லைன் ஸ்கிரிப்ட்டுக்கு அதை அப்படியே கொடுத்தால், சி ஃபைலில் எந்த வரி என்று சொல்லிவிடும். டீபக் விவரங்களோடு பில்ட் செய்த மாட்யூல் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விழுந்தது இண்டர்ரப்ட் ஹேண்ட்லரில், அதாவது சென்சார் கவனம் கேட்டுச் சமிக்ஞை தரும்போது ஓடும் ஃபங்ஷனில். கால் ஸ்டாக்கில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில்) கீழே பார்த்தால், இண்டர்ரப்ட் வந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது அதே டிரைவரின் புரோப் ஃபங்ஷன் (டிரைவர் தன் சாதனத்தைத் தயார்செய்யும் பகுதி, நம் டீபக் புரோப் இல்லை). அதில் இண்டர்ரப்ட்டைப் பதிவு செய்யும் வரி முதலில், சிப் விவரப் பாயிண்டரை நிரப்பும் வரி அதற்கு அப்புறம்.

மேசையில் ஏன் விழவில்லை? அங்கே சென்சாருக்குத் தனி பவர் சப்ளை. அது எப்போதும் ஆனில் இருக்கும், அதன் ஸ்டேட்டஸை என்றோ ஒருமுறை படித்தாகிவிட்டது. எந்திரத்தில் சென்சாரும் போர்டும் ஒன்றாகவே உயிர்பெறும். பவர் வந்ததும் சென்சார் "நான் எழுந்துவிட்டேன்" என்று இண்டர்ரப்ட் லைனைக் கீழே இழுத்து, யாராவது ஸ்டேட்டஸைப் படிக்கும்வரை விடாது. போர்டை மட்டும் ரீசெட் செய்தாலும் லைன் அப்படியே இழுபட்டே இருக்கும். டிரைவர் பதிவு செய்த அந்த நொடியே இண்டர்ரப்ட் பாய்ந்துவிடுகிறது. இரண்டு வரிகளை இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. இண்டர்ரப்ட்டைக் கடைசியில் பதிவு செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆனால் எங்கே மீறப்பட்டிருக்கிறது என்று காட்டியது அந்த சீரியல் லாக்.

இதையெல்லாம் எந்த யூஎஸ்பி-சீரியல் கேபிளும் செய்யுமே என்று கேட்கலாம். செய்யும், நானும் பல வருடம் அதில்தான் ஓட்டினேன். டீபக் புரோப்புக்கு மாறியதற்கு எனக்கு இரண்டு காரணம்.

முதலாவது அடையாளம். ஒவ்வொரு புரோப்புக்கும் தனி சீரியல் எண் உண்டு. மேசையில் நான்கைந்து போர்டு வைத்து ராத்திரி முழுக்க சோதனை ஓட்டும்போது, லினக்ஸின் பை-ஐடி டைரக்டரியில் ஒவ்வொன்றும் தன் பெயரில் நிற்கும். எந்த யூஎஸ்பி போர்ட்டில் மாற்றிச் செருகினாலும் இந்த லாக் இந்த போர்டுடையது என்பது மாறாது. மலிவு கேபிள்களில் பரவலாக வரும் சிஎச்340ஜி சிப்பில் சீரியல் எண் இல்லை. செருகிய வரிசைப்படி 0, 1, 2 என்று வரும், ஒன்றைக் கழற்றி மாட்டினால் வரிசை குழம்பும். தவறான போர்டின் லாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல நேரத்தைத் தின்பது வேறில்லை.

இரண்டாவது, மின்னழுத்தத்தில் குழப்பம் இல்லை. இது 3.3 வோல்ட், மாற்ற ஜம்பரே கிடையாது. 5 வோல்ட்டில் விடப்பட்ட கேபிளை பை போர்டின் யூஆர்ட் பின்னில் செருகினால் பின் செத்துப்போக வாய்ப்பு உண்டு. புதியவர்கள் கையில் கொடுக்க இது நிம்மதியான பொருள்.

ஃபர்ம்வேர் திறந்த மூலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூட்செல் பட்டனை அழுத்தியபடி யூஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும், புதிய ஃபைலை இழுத்துப் போட்டால் முடிந்தது. வாங்கியதும் இதைச் செய்துவிடுங்கள். கெர்னல் வேலைக்கு அவசியமான பிரேக் சமிக்ஞையை இப்போதைய ஃபர்ம்வேர் ஒழுங்காக அனுப்புகிறது.

பிரேக் எதற்கு என்றால், கெர்னலுக்கு நேராக அவசரக் கட்டளை கொடுக்கும் சிஸ்ரிக்யூவுக்கு. போர்டு உறைந்து நிற்கிறது, லாகின் வேலை செய்யவில்லை, ஆனால் கெர்னல் உயிரோடு இருக்கலாம். சீரியலில் பிரேக் அனுப்பி, ஐந்து விநாடிக்குள் ஒரு எழுத்தைத் தட்ட வேண்டும். டபிள்யூ தட்டினால் தடைபட்டு நிற்கும் டாஸ்க்குகளின் ஸ்டாக் வரும். எல் தட்டினால் ஒவ்வொரு சிபியூவும் எங்கே நிற்கிறது என்று வரும். ஜி தட்டினால், கேஜிடிபி (கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டீபக் வசதி) அமைத்திருந்தால், கெர்னல் நின்று டீபக்கருக்காகக் காத்திருக்கும். ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் டெட்லாக் கேஸ்களில் டபிள்யூ ஒன்றே எனக்கு விடை கொடுத்திருக்கிறது.

இங்கே பை 3, பை 4 வகை போர்டுகளில் ஒரு பொறி இருக்கிறது. பலர் புரோப்பைக் குறை சொல்வது இதனால்தான். ப்ளூடூத் உள்ள இந்த மாடல்களில் நல்ல பிஎல்011 யூஆர்ட் ப்ளூடூத்துக்குப் போய்விடும், வெளிப் பின்களுக்கு வருவது மினி யூஆர்ட். மினி யூஆர்ட்டுக்கு பிரேக்கைக் கண்டுபிடிக்கவே தெரியாது. நீங்கள் எத்தனை முறை அனுப்பினாலும் சிஸ்ரிக்யூ வராது. அதன் வேகமும் ஜிபியூ கோர் கடிகாரத்தைச் சார்ந்தது, கடிகாரம் மாறினால் கன்சோலில் குப்பை எழுத்துதான் கொட்டும். கான்ஃபிக் ஃபைலில் டிசேபிள்-பிடி ஓவர்லேயைப் போட்டு பிஎல்011-ஐ வெளியே கொண்டுவாருங்கள். டிரைவர் வேலைக்கு ப்ளூடூத் யாருக்கு வேண்டும்? பை 5-இல் இந்தத் தொல்லை இல்லை.

அப்படியே கெர்னல் கட்டளை வரியில் இருக்கும் க்வயட் என்ற சொல்லையும் தூக்கிவிடுங்கள். எல்லாச் செய்தியும் வர இக்னோர்-லாக்லெவல் சேருங்கள். எதுவுமே அச்சாகாமல் நிற்கும் போர்டுக்கு, பூட்டின் ஆரம்பத்திலேயே அச்சிட வைக்கும் எர்லிகான் சேருங்கள். எந்த டிரைவரின் தொடக்கத்தில் நிற்கிறது என்று தெரியாவிட்டால் இனிட்கால்-டீபக் போடுங்கள். ஒவ்வொரு இனிட் ஃபங்ஷனையும் அழைக்கும் முன் ஒரு வரி, திரும்பியதும் ஒரு வரி வரும். அழைத்த வரி இருந்து திரும்பிய வரி இல்லாவிட்டால் குற்றவாளி அதுதான். கடிகாரம் தராமல் ஒரு பெரிஃபெரலின் ரெஜிஸ்டரைத் தொட்டு, ஊப்ஸ் கூட இல்லாமல் மொத்த பஸ்ஸும் உறைந்துபோகும் கேஸ்களை நான் இப்படித்தான் பிடிக்கிறேன்.

கேஜிடிபியும் இதே மூன்று வயரில் ஓடும். கெர்னலுக்குள் 2008-இல் 2.6.26 பதிப்பிலேயே வந்துவிட்ட வசதி, ஆனால் என் சுற்றுவட்டாரத்தில் இதைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. கேஜிடிபிஓசி என்ற அளவுருவில் யூஆர்ட்டின் பெயரையும் வேகத்தையும் கொடுத்தால் போதும். கன்சோலும், கம்ப்யூட்டரில் ஓடும் டீபக்கரான ஜிடிபியும் ஒரே வயரைப் பங்கிட ஏஜெண்ட்-பிராக்சி என்ற சின்ன நிரல் இருக்கிறது, அது இரண்டையும் பிரித்துத் தனித்தனி டிசிபி போர்ட்டில் கொடுக்கும். இரண்டு விஷயத்தை மறக்காதீர்கள். கெர்னல் முகவரிகள் பூட்டுக்குப் பூட்டு மாறாமல் வைக்கும் நோகேஏஎஸ்எல்ஆர் போடாவிட்டால் ஜிடிபி காட்டும் முகவரிகள் பொருந்தாது. ஹார்ட்வேர் வாட்ச்டாக்கை அணைக்காவிட்டால், நீங்கள் பிரேக்பாயிண்ட்டில் நிறுத்தி யோசித்துக்கொண்டிருக்கும்போதே போர்டு ரீபூட் ஆகிவிடும். 115200-இல் ஜிடிபி கொஞ்சம் நகர்ந்து நகர்ந்துதான் போகும், ஸ்டெப் போடுவது பொறுமைக்குச் சோதனை. டிரைவரின் ஸ்ட்ரக்சரை அச்சிட்டுப் பார்க்க அது போதும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

பெரிய ஏமாற்றம் டி சாக்கெட்டைப் பற்றி வரும். டீபக்கர் என்று பெயர் இருப்பதால், பை 4-இன் ஏஆர்எம் கோர்களையே நிறுத்திக் கெர்னலுக்குள் நடக்கலாம் என்று நினைத்து வாங்குவார்கள். முடியாது. பை 4-இல் அந்த வழி ஜேடேக் என்ற வேறொரு டீபக் முறை, ஜிபிஐஓ 22 முதல் 27 வரையுள்ள பின்களில் திறந்துகொள்ள வேண்டும். இந்தப் புரோப் பேசுவது எஸ்டபிள்யூடி மட்டும். டி சாக்கெட் பிகோவுக்கும், எஸ்டிஎம்32 போன்ற மைக்ரோகண்ட்ரோலர்களுக்கும் நல்லது. எங்கள் போர்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்பி2040-க்கு நான் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன், ஓப்பன்ஓசிடி என்ற டீபக் நிரலோடு ஒரு குறையும் இல்லை. கெர்னல் பக்கம் யூ சாக்கெட்தான் உங்கள் சொத்து. பஸ்ஸே உறைந்து, சிஸ்ரிக்யூவுக்கும் பதில் இல்லாத நிலைக்கு எஃப்டி2232எச் அடிப்படையிலான ஜேடேக் அடாப்டரோ ஜே-லிங்கோ வேண்டும். ட்ரேஸும் (சிப் ஓடிய வழியின் பதிவு) சேர்த்து வேண்டுமென்றால் லாட்டர்பாக் வகையறா, அது நிறுவனங்கள் பட்ஜெட் போட்டு வாங்கும் சமாச்சாரம்.

அடுத்தது 1.8 வோல்ட். 96போர்ட்ஸ் வகை போர்டுகளில் யூஆர்ட் பின்கள் 1.8 வோல்ட்டில் இருக்கும், ஃபோன் சிப் வைத்த பல போர்டுகளிலும் இதே கதை. அங்கே இதை நேராக மாட்டக் கூடாது, நடுவில் லெவல் ஷிஃப்டர் வேண்டும். புதியவர்களுக்கு நல்லது என்று மேலே சொன்ன அதே நிலையான 3.3 வோல்ட்தான் இங்கே தடை. ஒரு மின்னழுத்த உணர் பின் வைத்திருந்தால் இந்தப் பொருள் இன்னும் வெகுதூரம் போயிருக்கும்.

மின் தனிமைப்படுத்தல் இல்லை. எங்கள் துறைக்கு இது முக்கியம். பெரிய மோட்டாரை ஓட்டும் விஎஃப்டி பக்கத்தில் இருக்கும்போது, எந்திரத்தின் கிரவுண்டும் சார்ஜரில் செருகிய லேப்டாப்பின் கிரவுண்டும் இந்த மெல்லிய கறுப்பு வயர் வழியாகச் சேர்கின்றன. மோட்டார் கிளம்பும்போது யூஎஸ்பி அறுந்துபோவது அதனால்தான், சமயத்தில் போர்ட்டே போய்விடும். எந்திரத்தடியில் வேலை செய்யும்போது லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். அடிக்கடி போகிறவர்கள் ஏடியூஎம்4160 சிப் வைத்த யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஐசொலேட்டர் 12 மெகாபிட் வரைதான் போகும், ஆர்பி2040-இன் யூஎஸ்பியும் அதே வேகம்தான், ஆகவே ஜோடி கச்சிதம்.

மைக்ரோ யூஎஸ்பி என்பது 2023-இல் வந்த பொருளுக்குப் பழைய தேர்வு. வயரின் பிளக் 1 மில்லிமீட்டர் பிட்ச், கழற்றும்போது வயரைப் பிடித்து இழுத்தால் பிய்ந்துவிடும், நகத்தால் பிளக்கின் விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

புரோப்பின் குறையென்று சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது, சீரியல் கன்சோலுக்கே உரியது. கெர்னல் செய்தி அச்சிடும் பிரிண்ட்கே மெதுவானது. எண்பது எழுத்து வரி ஒன்று வெளியே போக ஏழு மில்லிசெகண்ட். இண்டர்ரப்ட் ஹேண்ட்லரில் அச்சு வரிகளைத் தூவினால் நேரக்கணக்கே மாறி, தேடிய பிழை மறைந்துவிடும். அந்த மாதிரி ரேஸ் பிழைகளுக்கு ட்ரேஸ்-பிரிண்ட்கே போட்டு, எஃப்ட்ரேஸ்-டம்ப்-ஆன்-ஊப்ஸ் என்ற அளவுருவைச் சேருங்கள். ஓடும்போது நினைவகத்தில் மட்டும் எழுதும், விழுந்த பின் மொத்தத்தையும் சீரியலில் கொட்டும். பஃபரைச் சின்னதாக வையுங்கள், இல்லாவிட்டால் கொட்டி முடிக்க வெகுநேரம் ஆகும்.

லேப்டாப்பை விட்டுவர முடியாத இடங்களுக்கு ரேமூப்ஸ் ஓவர்லே இருக்கிறது, பவர் போகாமல் ரீபூட் ஆனால் கடைசி லாக் நினைவகத்தில் தங்கி, அடுத்த பூட்டில் பிஸ்டோர் டைரக்டரியில் ஃபைலாகக் கிடைக்கும். களத்துக்கு அனுப்பும் போர்டில் ரேமூப்ஸ், மேசையில் புரோப், இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் பக்கம் டிஐஓ என்ற டெர்மினல் நிரலைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் நேரம் போடும், ஃபைலில் சேமிக்கும், யூஎஸ்பி அறுந்தால் தானாக மறுபடி சேரும். மினிகாம்தான் வேண்டுமென்றால் ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோலை அணையுங்கள், அதை அணைக்காமல் "படிக்க முடிகிறது, தட்டச்சு போகவில்லை" என்று புரோப்பைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. உபுண்டுவில் உங்கள் பயனர் பெயர் டயல்அவுட் குழுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலை இந்தியாவில் வரியெல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். பை, கம்ப்யூட் மாட்யூல் அல்லது எந்த 3.3 வோல்ட் லினக்ஸ் போர்டிலும் டிரைவர் எழுதுபவர் யோசிக்காமல் வாங்கலாம். கையில் ஏற்கெனவே உண்மையான எஃப்டிடிஐ சிப் வைத்த யூஎஸ்பி-சீரியல் கேபிள் இருந்து, ஒரே போர்டில்தான் வேலை என்றால் அவசரமில்லை. ஒரு பிகோ சும்மா கிடந்தால் அதே ஃபர்ம்வேரின் பிகோ பதிப்பைப் போட்டு இதே வேலையை வாங்கலாம், பெட்டியும் வயரும் மட்டும் உங்கள் பொறுப்பு. குழுவுக்கு வாங்குபவர்கள் போர்டுக்கு ஒன்று என்று வாங்குங்கள், மூன்று-பின் வயர் கூடுதலாக இரண்டு சேர்த்தே ஆர்டர் போடுங்கள், முதலில் தேய்வது அதுதான்.